ரொம்ப நேரம் கொடுக்காத ஜாக்பொட் மெஷின் அடுத்துக் கொடுக்குமா?

ஹட்டனிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறான். சம்பளம் கைக்கு வந்தால் கசினோ, மற்ற நாட்களில் போனில் அதே விளையாட்டு. அவன் சொல்லும் சூத்திரம் மூன்று: ரொம்ப நேரம் கொடுக்காத மெஷினாகப் பார்த்து உட்கார வேண்டும், ரீலில், அதாவது படங்கள் சுழலும் உருளையில், எத்தனை ஏழு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும், எந்த நேரத்தில் அழுத்துகிறோம் என்பதில் ஒரு கைப்பழக்கம் வேண்டும். இவற்றில் ஏதாவது உண்மையா, அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்பது கேள்வி.

மூன்றுமே ஒரு காலத்தில் ஓரளவு உண்மைதான். ஒவ்வொன்றும் ஒரு தலைமுறை மெஷினுக்குப் பொருந்தியது. அந்த மெஷின்கள் போய்விட்டன, பேச்சு மட்டும் வாய்வழியாகக் கொழும்பு வரை வந்திருக்கிறது. அதனால் பழைய மெஷினிலிருந்தே தொடங்குகிறேன்.

1891 வாக்கில் நியூயோர்க்கின் புரூக்ளினில் சிட்மன், பிட் என்ற இருவர் செய்த பெட்டியில் ஐந்து உருளைகள் இருந்தன. அவற்றில் சீட்டுக்கட்டுப் படங்கள், மொத்தம் 50. கட்டில் 52 சீட்டு இருக்க வேண்டும் அல்லவா? வழக்கமாக ஸ்பேட் பத்தையும் ஹார்ட் ஜாக்கையும் எடுத்துவிடுவார்கள். பெரிய பரிசுக்கான சேர்க்கையில் பாதி அதோடு போயிற்று. கண்ணாடியைப் பார்த்து நிற்பவனுக்கு இல்லாத சீட்டு தெரியவா போகிறது! அந்தப் பெட்டி காசு கொடுக்காது. நல்ல சீட்டு விழுந்தால் மதுக்கடைக்காரர் ஒரு பியரோ சுருட்டோ கொடுப்பார். சீட்டுச் சேர்க்கைகள் அத்தனை விதமாக இருந்ததால், எது வென்றது என்று கண்டுபிடித்துத் தானே காசு கொடுக்கும் பொறியை அன்று யாராலும் செய்ய முடியவில்லை.

அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் சான் பிரான்சிஸ்கோவில் பட்டறை வைத்திருந்த சார்ல்ஸ் ஃபே, பவேரியாவில் பிறந்த மெக்கானிக். 1890களின் பிற்பாதியில் அவர் செய்த 'லிபர்ட்டி பெல்' என்ற மெஷினில் ஐந்து உருளையை மூன்றாகக் குறைத்தார், படங்களையும் ஐந்தாகக் குறைத்தார்: லாடம், டயமண்ட், ஸ்பேட், ஹார்ட், மணி. ஒரு ரீலுக்கு 10 நிறுத்தம், அதாவது அது நிற்கக்கூடிய இடம் பத்து. 10 × 10 × 10, ஆக 1,000 சேர்க்கை. மூன்று மணி வரிசையாக நின்றால் 5 சத நாணயம் பத்து, அதாவது 50 சதம், தானாகக் கீழே விழும். ஃபே மெஷினை விற்கவில்லை. கடைகளில் வைத்து வருமானத்தில் பாதி எடுத்துக்கொண்டார். பிறகு சிகாகோவின் மில்ஸ் கம்பனி அதே மாதிரியில் 20 நிறுத்தங்களோடு பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கியது. 20 மும்முறை பெருக்கினால் 8,000. ஒரு ரீலில் ஒரே ஒரு மணி என்றால், பரிசு விழும் வாய்ப்பு ஒரே மாற்றத்தில் எட்டில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

பழப் படங்கள் வந்த கதை சட்டத்துக்குப் பயந்து வந்தது. 1909இல் சான் பிரான்சிஸ்கோ இந்த மெஷின்களைத் தடை செய்தது, மற்ற இடங்களும் தொடர்ந்தன. உடனே 'இது சூதாட்டப் பெட்டி இல்லை, சூயிங்கம் விற்கும் பெட்டி' என்று மாற்றினார்கள். செர்ரி, தோடை, பிளம்ஸ் எல்லாம் கம்மின் சுவைகள். இன்றும் ரீலில் தெரியும் கறுப்பு 'பார்' படம் அந்தக் கம் கம்பனியின் சின்னத்திலிருந்து வந்ததுதான். நெவாடா மாநிலம் 1931இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய பிறகுதான் இந்தத் தொழிலுக்கு நிலையான வீடு கிடைத்தது.

இனி அந்த இரும்புப் பெட்டிக்குள் என்ன நடக்கும் என்று பார்ப்போம். காசு போடாமல் கைப்பிடியை இழுத்தால் நடுவில் நின்றுவிடும். உள்ளே விழுந்த காசுதான் பூட்டை விலக்கும் சாவி. கைப்பிடி கீழே வரும்போது ஒரு தடித்த ஸ்பிரிங் இழுபடும். விட்டதும் அது ஒரு தண்டைத் தட்ட, மூன்று ரீலும் ஒரே உதையில் சுழலும். கூடவே சிறிய விசிறி இதழ் பூட்டிய கடிகாரப் பொறி ஒன்று ஓடும். இதழைக் காற்றுத் தடுப்பதால் அது சீராக இறங்கும். இறங்க இறங்க, இடமிருந்து வலமாக ஒவ்வொரு நெம்பாக விழுந்து அந்தந்த ரீலின் வெட்டுப் பள்ளத்தில் மாட்டி நிறுத்தும். டக், டக், டக் என்ற மூன்று சத்தமும் இதுதான். ரீல் நின்ற பிறகு மெல்லிய கம்பி விரல்கள் வந்து, ரீலோடு சேர்ந்த தகட்டில் ஓட்டை இருக்கிறதா என்று தடவும். மெஷின் படத்தைப் பார்ப்பதே இல்லை, தடவுவது ஓட்டையைத்தான். மூன்றிலும் ஓட்டை நேராக அமைந்தால் விரல்கள் உள்ளே இறங்கி, காசுக் குழாயின் அடியிலுள்ள தட்டை விடுவிக்கும். தட்டு நகர்ந்து எண்ணியபடி காசைத் தள்ளும்.

கெட்டுப்போகும் இடங்களும் இவைதான். கிரீஸ் காய்ந்து பிசினாகிவிட்டால் கடிகாரப் பொறி திணறும், ரீல்கள் அரைகுறையாக நிற்கும். வளைந்த காசு குழாயில் குறுக்கே சிக்கும். குழாயில் காசு குறைந்திருந்தால் பெரிய பரிசை முழுதாகக் கொடுக்க முடியாது, ஆள் வந்து மீதியைக் கையில் எண்ணித் தருவார்.

கைப்பழக்கம் என்ற நம்பிக்கை அந்த விசிறிப் பொறியிலிருந்து பிறந்தது. பொறி ஒவ்வொரு முறையும் ஒரே நேரம் ஓடினால், ரீலும் ஒரே வேகத்தில் சுழன்றால், அடுத்து எங்கே நிற்கும் என்று ஊகிக்கலாம். 1940களின் இறுதியில் அமெரிக்காவில் சிலர் முந்தைய சுற்றில் ரீல் நின்ற இடத்தைப் பார்த்து, நேரம் கணக்கிட்டு இழுத்து மெஷின்களைக் காலி செய்தார்கள். ஓடும் நேரத்தைச் சுற்றுக்குச் சுற்று மாற்றும் ஒரு துண்டைப் பொறியோடு சேர்த்ததும் அந்த வித்தை முடிந்தது. எந்த மெஷின் நிறைந்திருக்கிறது என்று பார்த்து உட்காரும் பழக்கமும் அக்காலத்தது. பல மெஷின்களில் ஜாக்பொட் காசு முன்னால் கண்ணாடிக்குப் பின்னே குவிந்து தெரியும். கூடை நிரம்பியிருந்தால் விழும் வாய்ப்பு அதிகரிக்காது, ஆனால் விழுந்தால் கிடைப்பது கூடும். அதில் நியாயம் இருந்தது.

1963-64 வாக்கில் பாலி கம்பனி 'மணி ஹனி' என்ற மெஷினைக் கொண்டுவந்தது. ரீலைச் சுழற்றியது இன்னும் கைப்பிடியும் ஸ்பிரிங்கும்தான். ஆனால் கணக்கு மின்சாரத்துக்கு மாறியது. குழாய்க்குப் பதில் மோட்டாரில் சுழலும் காசுத் தொட்டி வந்ததால், ஆள் உதவி இல்லாமல் 500 காசு வரை கொட்ட முடிந்தது. 1976இல் லாஸ் வேகாஸில் ரீலே இல்லாத, டீவித் திரை வைத்த முதல் மெஷின் வந்தது.

இவை எல்லாம் வழியில் வந்த ஊர்கள். முக்கியமான திருப்பம் 1984.

அதுவரை மெஷின் செய்பவர்களுக்கு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. பெரிய ஜாக்பொட் வைக்க வேண்டுமானால் அது அரிதாக விழ வேண்டும், அரிதாக விழ ரீலில் நிறுத்தம் கூட வேண்டும். 22 நிறுத்தம் கொண்ட மூன்று ரீலில் 10,648 சேர்க்கைதான் உண்டு. ரீலைப் பெரிதாக்கினாலோ எண்ணிக்கையைக் கூட்டினாலோ ஆடுபவருக்கே சந்தேகம் வந்துவிடும். இங்கே டெல்னேஸ் என்ற நோர்வேக்காரர் அமெரிக்காவில் பெற்ற 4,448,419ஆம் இலக்கக் காப்புரிமை இந்த முடிச்சை அவிழ்த்தது. ரீல் இனி எதையும் தீர்மானிக்காது. உள்ளே கொம்பியூட்டர் ஒரு எழுமாற்று எண்ணை, அதாவது ரேண்டம் எண்ணைத் தேர்ந்தெடுக்கும். அந்த எண்ணுக்குரிய இடத்தில் ஸ்டெப்பர் மோட்டார் ரீலைக் கொண்டுபோய் நிறுத்தும். ரீல் சுழல்வது முடிவை நமக்குக் காட்ட மட்டுமே.

ஒரு ரீலை மட்டும் எடுத்துப் பார்ப்போம். கண்ணாடியில் தெரிவது 22 நிறுத்தம், அதில் ஒரு சிவப்பு ஏழு. உள்ளே இருக்கும் மறைமுக ரீலில் 64 இடம், 0 முதல் 63 வரை எண். எண் 5 வந்தால் மட்டும் ஏழு கோட்டில், அதாவது பரிசுக்குக் கணக்கெடுக்கும் வரிசையில், நிற்கும். 0 முதல் 4 வரை எது வந்தாலும் ஏழுக்கு மேலே உள்ள வெற்றிடம், 6 முதல் 10 வரை எது வந்தாலும் கீழே உள்ள வெற்றிடம் கோட்டுக்கு வரும். வெற்றிடம் கோட்டில் நின்றால் ஏழு எங்கே இருக்கும்? கோட்டுக்கு ஒரு விரல் மேலேயோ கீழேயோ, நன்றாகத் தெரியும்படி. அதாவது ஏழு கோட்டில் விழுவது 64இல் 1, மயிரிழையில் தப்பியதாகக் காட்டுவது 64இல் 10. ரீலைக் கண்ணால் எண்ணுபவர் மூன்று ஏழுக்கு 10,648இல் 1 என்று கணக்குப் போடுவார். உண்மையில் 262,144இல் 1. ஏறத்தாழ 25 மடங்கு வித்தியாசம். தம்பி ஏழுகளை எண்ணுவது 1984க்கு முன்பு சரியான கணக்கு.

இந்தத் தந்திரத்துக்கும் ஒரு எல்லை வைத்தார்கள். யூனிவர்சல் என்ற ஜப்பானியக் கம்பனியின் மெஷின்கள், தோல்வி என்று முடிவான பிறகு, கோட்டிலேயே 'ஏழு, ஏழு, வேறொன்று' என்று வேண்டுமென்றே தேடிக் காட்டின. நெவாடாவின் ஒழுங்குமுறை ஆணைக்குழு 1989இல் அதற்குத் தடை போட்டது. கோட்டுக்கு மேலும் கீழும் ஏழு அடிக்கடி தெரிவதை விட்டுவிட்டது. என் பார்வையில் இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான், சட்டத்துக்கு வேறு வேறு.

இப்போது 'ரொம்ப நேரம் கொடுக்கவில்லை' என்ற விஷயம். லயத்தில் பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் பிடித்தால், முதல் மாதம் விழுந்தவரின் துண்டை டின்னிலிருந்து எடுத்துவிடுவோம். அடுத்த மாதம் ஒன்பது துண்டுதான். கடைசி ஆளுக்கு நிச்சயம். பொறுத்தால் முறை வரும் என்ற எண்ணம் அங்கே சரி. மெஷினில் எடுத்த துண்டு ஒவ்வொரு முறையும் டின்னுக்குள்ளேயே திரும்பிப் போகிறது. 1,000இல் 1 வாய்ப்புள்ள பரிசுக்கு 1,000 முறை ஆடினாலும், நூற்றில் 37 பேருக்கு ஒரு முறைகூட விழாது. 3,000 முறை ஆடியும் நூற்றில் ஐந்து பேர் வெறுங்கையோடு இருப்பார்கள். அவர்களுக்கு 3,001ஆவது முறையிலும் வாய்ப்பு அதே 1,000இல் 1தான். எழுமாற்று எண் பொறி யாரும் ஆடாதபோதும் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் பட்டனை அழுத்தும் கணத்தில் எந்த எண் இருந்ததோ அதுவே முடிவு. 'நான் எழுந்ததும் அடுத்தவனுக்கு விழுந்தது, அது என் காசு' என்பதும் அதனால் தப்பு. நீங்கள் எழும்பாமல் இருந்திருந்தாலும் அதே மில்லி செக்கனில் அழுத்தியிருக்க மாட்டீர்கள்.

விதிவிலக்கு இரண்டு உண்டு. பிரிட்டனில் மதுக்கடைகளில் இருக்கும் சில பழ மெஷின்கள், வாங்கியதையும் கொடுத்ததையும் ஒப்பிட்டு வாய்ப்பைக் கூட்டிக் குறைக்க அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. இன்னொன்று, 'இந்தத் தொகைக்குள் கட்டாயம் விழும்' என்று எல்லை எழுதிய ஜாக்பொட். எல்லையை நெருங்க நெருங்க அதில் வாய்ப்பு உண்மையாகவே ஏறும். வெறுமனே ஏறிக்கொண்டே போகும் சாதாரண ஜாக்பொட்டில் தொகைதான் ஏறுகிறது, வாய்ப்பு அல்ல.

'வீட்டுக்கு', அதாவது மெஷின் வைத்திருக்கும் கசினோவுக்கு, எவ்வளவு போகிறது என்பதைச் சிறிய மெஷின் ஒன்றை வைத்துக் கணக்கிடலாம். ரீலுக்கு 10 நிறுத்தம்: மணி 1, நட்சத்திரம் 2, இதயம் 3, வெற்றிடம் 4. மூன்று மணி 1,000இல் 1 முறை, மூன்று நட்சத்திரம் 8 முறை, மூன்று இதயம் 27 முறை. கட்டிய 1 ரூபாவுக்கு மணிக்கு 200, நட்சத்திரத்துக்கு 35, இதயத்துக்கு 15 என்று வைத்தால், 1,000 சுற்றில் திரும்புவது 200 + 280 + 405 = 885 ரூபா. அதாவது 88.5 வீதம். இப்போது பரிசை 480, 27, 7 என்று மாற்றுங்கள்: 480 + 216 + 189, மறுபடியும் 885. திரும்பும் வீதம் ஒன்றே, குணம் வேறு. முதலாவது இழுத்து இழுத்துப் பிடிக்கும். இரண்டாவது பணத்தைச் சீக்கிரம் தின்றுவிட்டு எப்போதாவது ஒருவனுக்கு அள்ளிக் கொட்டும். நெவாடாவில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 75 வீதம், நியூ ஜேர்சியில் 83.

88.5 வீதம் நல்லதுதானே என்று தோன்றும். அது உங்கள் சட்டைப்பையிலுள்ள காசுக்கான வீதம் அல்ல, சுற்றிச் சுற்றிக் கட்டும் மொத்தத்துக்கான வீதம். சுற்றுக்கு 20 ரூபா, நிமிடத்துக்கு 10 சுற்று என்றால் ஒரு மணித்தியாலத்தில் 12,000 ரூபா கட்டப்படுகிறது. அதில் 11.5 வீதம் 1,380 ரூபா. 2024 வர்த்தமானியில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. சராசரிக்கு ஒரு மணித்தியாலம் ஒரு முழுப் பேரை, அதாவது ஒரு முழு நாள் வேலைக்கான சம்பளத்தை, விழுங்குகிறது, அரைப் பேர் அல்ல.

திரை மெஷின்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 20 கோட்டில் ஒவ்வொரு ரூபா வீதம் 20 ரூபா கட்டுகிறீர்கள். ஒரு கோட்டில் 8 ரூபா விழுகிறது. மெஷின் மணியடித்து, வெளிச்சம் போட்டு, 'வென்றீர்கள்' என்கிறது. 12 ரூபா போனதைச் சொல்லாது. அவன் அடிக்கடி வெல்வதாகச் சொன்னால், வென்ற தொகை கட்டிய தொகையைவிடக் கூடவா என்று கேளுங்கள்.

மெனேஜர் அறைக்குள்ளிருந்து பட்டன் அழுத்தி நிறுத்துகிறார் என்ற பேச்சும் உண்டு. திரும்பும் வீதத்தை நெட்வேர்க் வழியாக மாற்றும் அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் கட்டுப்பாடுள்ள இடங்களில் யாராவது ஆடிக்கொண்டிருக்கும்போது அதை மாற்ற முடியாது, மெஷின் சில நிமிடமாவது சும்மா இருக்க வேண்டும். சராசரி வீட்டுப் பக்கமே இருக்கும்போது அவருக்கு ஏமாற்ற வேண்டிய தேவையும் இல்லை. உறுப்பினர் கார்டும் எவ்வளவு ஆடினீர்கள் என்பதை எண்ணுவதற்கே, முடிவைத் தொடாது. உண்மையான மோசடிகள் வேறு திசையிலிருந்து வந்தன. நெவாடாவில் மெஷின்களைச் சோதிக்கும் அரச ஊழியரான ரொன் ஹாரிஸ், குறிப்பிட்ட வரிசையில் காசு போட்டால் பரிசு கொட்டும்படி நிரலை மாற்றி 1995இல் பிடிபட்டார். 2014இல் மிசூரியில் ஒரு ரஷ்யர் பழைய மெஷின்களின் திரையைப் போனில் படம் பிடித்து, எழுமாற்று எண் பொறியின் போக்கைக் கணித்து ஆடியது தெரியவந்தது. அதற்குக் கைப்பழக்கம் போதவில்லை. வெளிநாட்டில் ஒரு குழு கணக்குப் போட்டு, அழுத்த வேண்டிய நேரத்தைப் போனுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

இன்றைய பெட்டியில் பழுது வரும் இடம் பெரும்பாலும் நோட்டு வாங்கும் வாய்தான். ஈரம் ஏறிய, மடிந்த நோட்டை அதன் ஒளி உணரிகள் துப்பிவிடும். நம் பக்கத்து மூடுபனியில் மடித்து வைத்த நோட்டுக்கு இது தெரிந்த விதி. ரீலைக் கையால் தள்ளினால் உணரி கண்டுபிடித்துப் பூட்டிக்கொள்ளும். கரண்ட் போனால் பயம் வேண்டாம். முடிவு ஏற்கனவே பெட்டரி நினைவகத்தில் பதிந்திருக்கும், கரண்ட் வந்ததும் அதையே காட்டும். 'பழுது ஏற்பட்டால் பரிசு செல்லாது' என்ற சிறிய எழுத்து ஏறக்குறைய எல்லா மெஷினிலும் இருக்கும்.

நம் நாட்டில் கசினோவுக்கு 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2025இல் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டமும் நிறைவேறியது. போனில் வரும் செயலி வேறு உலகம். ரீலும் மோட்டாரும் அங்கே இல்லை, முடிவு எங்கோ ஒரு சேர்வரிலிருந்து வருகிறது. நேர்மையான செயலியில் திரும்பும் வீதமும் பரிசுப் பட்டியலும் உதவிப் பக்கத்தில் இருக்கும், எந்த நாட்டு உரிமம், எந்தச் சோதனைக்கூடம் பார்த்தது என்றும் இருக்கும். தம்பியின் போனை வாங்கி முதலில் அதைத் தேடுங்கள். பிறகு 'போனஸ்' விதிகளைப் படியுங்கள். 5,000 ரூபா போனஸை எடுக்க அதைப் போல் 30 மடங்கு ஆட வேண்டும் என்றிருந்தால், கட்ட வேண்டியது 150,000 ரூபா. நம் 88.5 வீத மெஷினில் அதற்குச் சராசரி இழப்பு 17,250. கடைசியாக, வென்ற காசை எடுக்க 'வரி', 'சரிபார்ப்புக் கட்டணம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏஜென்ட் முன்பணம் கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கேட்டிருந்தால் திரையில் தெரியும் மீதி வெறும் எண்தான், அதன் பின்னால் மேலும் காசு அனுப்ப விடாதீர்கள்.